தேயிலை மலையும் அசைவூட்டச் சித்திரமும்: சிறுவர் கதைகளின் பண்பாட்டு வேறுபாடு குறித்து ஒரு நோக்கு

1

சிறுவர்க்கான அசைவூட்டச் சித்திரக் கதைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கூற்றாகும். ஆயின், அவ்வேறுபாடு யாது, எதனால் நேர்கின்றது என்ற வினாவுக்குத் தரப்படும் விடைகள் பெரும்பாலும் நிறைவளிப்பனவாக இல்லை. அமெரிக்கச் சித்திரம் வேகமுடையது, யப்பானியச் சித்திரம் உணர்ச்சி நுட்பமுடையது, உருசியச் சித்திரம் துயரச்சாயல் கொண்டது, இந்தியச் சித்திரம் புராணச் சார்புடையது என்றவாறு தேசிய இயல்புகளைப் பட்டியலிடுவது வழக்கமாகிவிட்டது. இத்தகைய பட்டியல் விளக்கமாகாது. எது விளக்கப்பட வேண்டுமோ அதனையே விளக்கமாக முன்வைக்கும் மயக்கம் இது. ஒரு நாட்டின் சித்திரம் ஏன் வேகமாக ஓடுகின்றது, இன்னொரு நாட்டின் சித்திரம் ஏன் நின்று நிதானிக்கின்றது என்பவற்றை அவ்வந்நாட்டு மக்களின் பிறவிக் குணத்திலே தேடுவது விமரிசனத்தின் வேலையன்று. அவற்றை ஆக்குவித்தோர் யார், யாருடைய செலவில், எந்தப் பிள்ளையை மனத்திற்கொண்டு ஆக்கினர் என்பனவே கேட்கப்பட வேண்டியவை.

இவ்வினாக்களை நாம் தலவாக்கலையில் நின்று கேட்க முற்படுகின்றோம். இத்தேர்வு தற்செயலானதன்று. கொத்மலை ஓயாவின் மேற்புறத்தே தேயிலை மலைகளால் சூழப்பட்ட இந்நகரையும் அதன் அயலிலுள்ள தோட்டங்களையும் சார்ந்த தமிழ்ப் பிள்ளைகள், உலகின் பல திசைகளிலும் ஆக்கப்பட்ட அசைவூட்டக் கதைகளைப் பெற்று வளர்கின்றனர். லயக் கூரைகளின் மேல் நிற்கும் செய்மதித் தட்டங்களினூடாக அமெரிக்காவும் யப்பானும் ஐதராபாத்தும் சென்னையும் ஒரே காம்பராவுக்குள் வந்து சேருகின்றன. ஆனால் அக்காம்பராவை, அதற்கு வெளியே உள்ள மலையை, அம்மலையிற் கூடை சுமக்கும் தாயைக் கதைப்பொருளாகக் கொண்ட அசைவூட்டத் தொடரெதுவும் அப்பிள்ளைகளின் அன்றாடப் பார்வைக்கு வருவதில்லை. எல்லாவற்றையும் பெறுகின்ற, தன்னுடையதென்று எதனையும் காணாத பார்வையாளனின் நிலையில் நின்று நோக்கும்போது, பண்பாடுகளுக்கிடையிலான வேறுபாடு வேறொரு தெளிவுடன் புலப்படும். கதையில் உழைப்புக்கு உள்ள இடம், பிள்ளைக்கு உள்ள இடம், மொழிக்கு உள்ள இடம் ஆகிய மூன்றையும் முறையே நோக்குவோம்.

2

1951 இல் வோல்ட் டிஸ்னி நிறுவனம் 'அலிஸின் அற்புத உலகம்' கதையை அசைவூட்டத் திரைப்படமாக வெளியிட்டது. அதில் வரும் தேநீர் விருந்து உலகச் சிறுவர் மனத்திற் பதிந்துவிட்ட காட்சிகளுள் ஒன்று. தேநீர் ஓயாது ஊற்றப்படுகின்றது, சிந்துகின்றது, வீணாகின்றது. நகைச்சுவை அந்த வீண்விரயத்தினின்றே பிறக்கின்றது. இத்திரைப்படத்துக்கு மூலமான லூயிஸ் கரோலின் நூல் 1865 இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே தேயிலையை வர்த்தகப் பயிராக நடத் தொடங்கினார். திரைப்படம் வெளிவந்த காலத்திலோ இலங்கைத் தேயிலை பிரித்தானியச் சந்தையில் ஊன்றி நிலைத்துவிட்டது. அவ்விருந்திலே கோப்பை உண்டு, கேத்தல் உண்டு, சீனி உண்டு. கொழுந்து இல்லை, கொழுந்து பறித்த கையும் இல்லை. இது அத்திரைப்படத்தின் தனிக்குறையன்று. நுகர்வோரின் சமூகத்தில் நின்று ஆக்கப்படும் கதையில் பொருள்கள் எங்கிருந்தோ வந்து மேசைமேல் அமர்ந்துவிடுகின்றன.

இவ்வியல்பை முறையாக ஆராய்ந்த முன்னோடிகள் ஏரியல் டோர்ஃப்மனும் ஆர்மண்ட் மத்தலாரும் ஆவர். சில்லி நாட்டில் அயெந்தேயின் ஆட்சி நிலவிய 1971 இல், டொனால்ட் வாத்தின் கதைகளைப் பற்றி அவர்கள் எழுதிய நூல், 1973 இன் இராணுவப் புரட்சிக்குப் பின்னர் அங்கு எரியூட்டப்பட்டமை அதன் கூர்மைக்குச் சான்றாகும். அவர்கள் எடுத்துக்கொண்டவை அச்சிட்ட சித்திரக்கதைகளே எனினும், அவர்களின் இரு கணிப்புகள் இங்கு பொருந்துவன. அவ்வுலகில் மாமன்மாரும் மருமக்களும் உளர், தாய்தந்தையர் இலர் என்பது ஒன்று. செல்வம் உண்டு, அதனை ஆக்கும் தொழிலாளர் இலர் என்பது மற்றையது. ஆயினும் அந்நூலில் ஒரு குறைபாடும் உண்டு. பார்க்கும் பிள்ளையை வெறும் கொள்கலமாகவே அது கருதுகின்றது. தாய் விடியலிற் பெரட்டுக்குச் செல்வதையும், பகற்பொழுதைப் பிள்ளை மடுவத்திற் கழிப்பதையும் அறிந்த பிள்ளை, உழைப்பில்லாத உலகத்தைப் பார்க்கும்போது அதனை அப்படியே நம்பிவிடுகின்றதென்று கொள்வதற்கில்லை. அது அவ்வுலகைப் பார்த்துச் சிரிக்கின்றது, களிக்கின்றது. ஆயினும் தன் வீட்டு உழைப்பு கதைக்குரிய பொருளன்று என்ற எண்ணத்தையும் சொல்லாமலே கற்றுக்கொள்கின்றது. தீங்கு அங்கேதான் உள்ளது.

கதைக்குரிய பொருளாக உழைப்பு அமையக்கூடும் என்பதற்குச் செக்கோஸ்லவாக்கியா ஒரு சான்று தந்தது. ஸ்டெனெக் மிலர் ஆக்கிய அகழெலிக் கதையின் முதற்படம் 1957 இல் வெளிவந்தது. சிறிய அகழெலி ஒன்று பை வைத்த காற்சட்டைக்கு ஆசைப்படுகின்றது. காற்சட்டை வானத்திலிருந்து விழுவதில்லை. ஆளிச் செடியை வளர்த்து, பறித்து, நனைத்து, நாரை தண்டை நொறுக்க, முள்ளெலி தன் முட்களாற் சிக்கெடுக்க, சிலந்திகள் நூற்க, எறும்புகள் நெய்ய, நண்டினம் வெட்ட, நாணற்குருவி தைக்க ஈற்றில் அது கிடைக்கின்றது. சலிப்பூட்டும் தொழிற்பாடமாக மாறியிருக்கக்கூடிய இப்பொருள், ஒவ்வொரு உயிருக்கும் அதன் உடலமைப்புக்கேற்ற வேலையை அளித்ததனால் விளையாட்டாகவும் வியப்பாகவும் ஆகிவிட்டது. கொழுந்து பறித்தல், மடுவத்தில் நிறுத்தல், வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவிடுதல், உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல் என்று தேயிலைக்கும் இத்தகையதொரு நீண்ட பயணம் உண்டு. தலவாக்கலைப் பிள்ளை அப்பயணத்தின் மணத்தையே மூச்சாகக் கொண்டு வளர்கின்றது. அதனைக் கதையாக எவரும் அதற்குச் சொல்லவில்லை. 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையின் சென்கூம்ஸ் தோட்டத்திலேயே இயங்கிவருகின்றது. தேயிலைச் செடியைப் பற்றி அறியவேண்டியன ஒரு நூற்றாண்டாக அறியப்பட்டு வந்துள்ளன. செடியைச் சுற்றி வாழும் பிள்ளையின் கற்பனைக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை.

3

அடுத்து, கதையினுள்ளே பிள்ளைக்கு உரிய இடத்தை நோக்குவோம். சோவியத் ஒன்றியத்தில் 1936 இல் தொடங்கப்பட்ட சோயுஸ்முல்த்ஃபில்ம் கலைக்கூடம் 1969 இல் வெளியிட்ட 'முதலை கேனா' என்னும் பொம்மைப் படம் இவ்விடத்தில் நினைக்கற்பாலது. எதுவார்த் உஸ்பென்ஸ்கியின் கதையைத் தழுவி ரொமான் கச்சானொவ் இயக்கிய இப்படத்தில், செபுராஷ்கா என்னும் பெருஞ்செவிப் பிராணி தோடம்பழப் பெட்டி ஒன்றினுள் உறங்கியபடி தூர தேசத்திலிருந்து வந்து சேருகின்றது. அது எவ்வினத்தைச் சார்ந்தது என்று விஞ்ஞானம் அறியாது. மிருகக்காட்சிச் சாலை அதனை ஏற்கவில்லை. எந்தக் கூட்டில் அடைப்பது என்று தெரியாமையே காரணம். முதலையுடனும் மற்றைய தனியர்களுடனும் சேர்ந்து நட்புக்கென ஒரு வீட்டைக் கட்டும் முயற்சியிலே அது தன் இடத்தைக் கண்டுகொள்கின்றது.

இப்படத்தை ஆக்கியோர் மலையகத்தை மனத்திற் கொண்டிருக்க நியாயமில்லை. ஆயினும் பெட்டிச் சரக்கோடு சரக்காக வந்து, எப்பட்டியலிலும் இடம்பெறாது நின்ற ஓர் உயிரின் கதை, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களுக்கு எத்துணை நெருக்கமானது! 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, 1,50,000 பேரின் நிலையைப் பின்னர் முடிவுசெய்வதென்று ஒத்திவைத்தது. 2003 ஆம் ஆண்டின் சட்டத்துடனேயே எஞ்சியோரின் நாடற்ற நிலை சட்டரீதியாக முடிவுக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வனுபவம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தகாத அரசியல் என்று கருதுவோர் உளர். எப்பட்டியலிலும் அடங்காத ஓர் உயிரின் தனிமையை ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கச் சொல்லலாம் என்பதை மொஸ்கோவின் பொம்மைகள் காட்டிவிட்டன.

யப்பானியத் தொடரான 'ஹைடி' இன்னொரு வகையில் நோக்கத்தக்கது. ஜொஹானா ஸ்பைரியின் சுவிற்சலாந்துக் கதையை ஈசாவோ தகஹாத்தா 1974 இல் 52 பகுதிகளாக இயக்கினார். இதனை ஆக்கியோர் நேரிலே அல்ப்ஸ் மலைக்குச் சென்று நிலக்காட்சியையும் வீட்டுப் பொருள்களையும் கண்டறிந்து வந்தே வரைந்தனர். அன்றாட வேலைகளுக்கு அத்தொடர் தரும் நிதானம் யப்பானியப் பிறவிக் குணத்தால் விளைந்ததன்று. அவர்கள் தேர்ந்துகொண்ட உழைப்பு முறையால் விளைந்தது. பெற்றோரற்ற மலைநாட்டுச் சிறுமியை அவளுடைய சின்னம்மாவே பிராங்போட் நகரின் செல்வர் வீட்டுக்குக் கொண்டுசென்று விடுகின்றாள். அங்கே அவள் நோயுற்ற செல்வச் சிறுமிக்குத் துணையாக வைக்கப்படுகின்றாள். மலையை எண்ணி ஏங்கி உடல் நலிகின்றாள். ஐரோப்பியப் பார்வையாளருக்கு இது ஊரேக்கம் பற்றிய கதை. தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டுவந்த வரலாற்றை அறிந்த தலவாக்கலையிலோ இது வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையின் கதையாகிவிடும். பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்த வயது இலங்கையில் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது 2021 இலேதான் என்பதும் மனங்கொளத்தக்கது. ஒரே கதை இரு மலைகளில் இரு பொருள் தருகின்றது. எனவே, பண்பாட்டு வேறுபாடு ஆக்கப்பட்ட கதையில் மாத்திரம் தங்கியிருப்பதில்லை; பார்ப்போரின் வாழ்நிலையிலும் தங்கியுள்ளது.

4

மூன்றாவதாக, மொழி. 1982 பெப்ரவரி 15 ஆம் நாள் இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. 'ஹந்தயா' (1979) என்னும் சிறுவர் திரைப்படத்தை இயக்கிய டைட்டஸ் தொட்டவத்த அங்கு ஒலிமாற்றப் பணியைப் பொறுப்பேற்றார். அவரின் கையில் டொக்டர் டூலிட்டில் 'தொஸ்தர ஹொந்தஹித' ஆனார். பக்ஸ் பன்னி என்னும் அமெரிக்க முயல் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆயிற்று. இவை சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டவையல்ல. சிங்களக் கிராமத்தின் பேச்சும் பகிடியும் பாட்டு மெட்டும் அவற்றுள் புகுந்தன. அமெரிக்கச் சந்தைக்கென ஆக்கப்பட்ட முயலொன்று, ஒரு தலைமுறைச் சிங்களப் பிள்ளைகளுக்குத் தம் ஊர் முயலாயிற்று. வேற்றுநாட்டுச் சரக்கு எப்போதும் வேற்றுநாட்டுச் சரக்காகவே நின்றுவிடும் என்று வாதிப்போர் இச்சான்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

அதே காலத்தில் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைக்கு அத்தகையதொரு முயற்சி வாய்க்கவில்லை. தமிழுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் குறுகியது. லயக் காம்பராக்கள் பலவற்றில் மின்விளக்கே இல்லாத காலமும் அது. மலையகப் பிள்ளைகளுள் தொலைக்காட்சியைக் காணும் வாய்ப்புப் பெற்றோர் பலர் சிங்கள ஒலிமாற்றங்களையே கண்டு களித்தனர். அது இழப்பென்று மாத்திரம் கூறிவிட முடியாது. அயல் மொழியை அன்போடு கேட்கும் வாய்ப்பாகவும் அது அமைந்தது. ஆயினும் தன் மொழியிற் சிரிக்கும் உரிமை அதற்கு ஈடாகாது.

அவ்வுரிமையைச் சென்னை வழங்கியது. 2007 இல் தொடங்கிய சுட்டி தொலைக்காட்சி உலகச் சித்திரங்களைத் தமிழ்ப் பேச்சிற் கொண்டுவந்தது. தமிழகத்தினின்று பெயர்ந்துவந்தோரின் வழியினராதலின், மலையகத்தாரின் பேச்சுக்கு இத்தமிழ் சில வகைகளில் யாழ்ப்பாணத்துத் தமிழிலும் நெருங்கியது. அதனால் அது எளிதில் இல்லத்துக்குள் புகுந்தது. ஆனால் இங்கு நிகழ்ந்த ஒரு மாற்றத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய 'டோரா' தொடரின் நாயகி, இலத்தீன் அமெரிக்க வழிவந்த சிறுமி. ஆங்கிலத்தினூடே ஸ்பானிய மொழியையும் பேசுபவள். சிறுபான்மையினரும் குடிபெயர்ந்தோருமான மக்களின் மொழியை நாடு முழுவதும் உள்ள பிள்ளைகள் உவந்து கற்கும் பொருளாக்கியதே அத்தொடரின் சமூகச் சிறப்பாகும். தமிழ் ஒலிமாற்றத்தில் டோரா தமிழ் பேசுகின்றாள், புஜ்ஜி என்ற குரங்குடன் நடக்கின்றாள், ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கின்றாள். மூலத்தில் தாழ்த்தப்பட்ட மொழிக்கு அளிக்கப்பட்ட ஆசனம், பெயர்ப்பிலே அதிகார மொழிக்கு அளிக்கப்பட்டுவிட்டது. கதை மாறவில்லை, வண்ணம் மாறவில்லை; அதன் அரசியல் தலைகீழாயிற்று.

இலங்கைக்குரிய டோரா யாராக இருத்தல் கூடும்? 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிய நாட்டில், சிங்களப் பிள்ளைக்குத் தமிழ்ச் சொற்களையும் தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களச் சொற்களையும் விளையாட்டாகச் சொல்லித்தரும் சிறுமியாக அவள் இருந்திருக்கலாம். அவள் தலவாக்கலைத் தோட்டத்துச் சிறுமியாக இருப்பின் இன்னும் பொருத்தம். இரு மொழியும் வழங்கும் நகரச் சந்தியில் வளர்பவள் அவளே.

5

மேற்கு நாட்டுச் சித்திரங்களுக்கு மாற்றாக இந்தியச் சித்திரங்களைப் பரிந்துரைப்பது பெற்றோரிடையேயும் ஆசிரியரிடையேயும் காணப்படும் ஒரு போக்கு. ஐதராபாத்தின் கிரீன் கோல்ட் நிறுவனம் ஆக்கி 2008 இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'சோட்டா பீம்' இப்போக்கின் முதன்மைச் சான்று. மகாபாரதத்து வீமனின் பெயரையும் வலிமையையும் எடுத்துக்கொண்ட அத்தொடர், அவனை லட்டுத் தின்று பலம்பெறும் வெண்மேனிச் சிறுவனாக ஆக்கியது. அவனுடன் போட்டியிட்டுத் தோற்கும் முரடனுக்குக் கருமையைக் குறிக்கும் 'காலியா' என்ற பெயரை இட்டது. சாதியாலும் நிறத்தாலும் இழிவுபடுத்தப்பட்ட வரலாறுடைய தோட்டத்துப் பிள்ளைக்கு இக்கதை சொந்தப் பண்பாடு என்ற பெயரில் வருவதனால் அதன் நஞ்சு எளிதில் உணரப்படுவதில்லை. அப்பிள்ளைக்கு மகாபாரதம் புதிதன்று. தோட்டத்துக் கூத்துக்களத்தில் 'அருச்சுனன் தபசு' ஆடப்படுவதை அது விடியவிடியக் கண்டிருக்கும். அங்கு வேடம் கட்டுவோர் பகலில் மலையில் வேலை செய்வோரே. ஒரே இதிகாசம் சந்தைச் சரக்காக வருவதற்கும் உழைப்போரின் சடங்காக நிகழ்வதற்கும் இடையேயுள்ள தூரம், அமெரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் இடையேயுள்ள தூரத்திலும் பெரிது.

எனின், அரசு ஆதரவுபெற்ற கலைக்கூடங்களே தீர்வாகுமா? நாம் மேலே எடுத்துக்காட்டிய நற்சான்றுகள் சில அத்தகைய கூடங்களிலிருந்து வந்தவை என்பது உண்மை. இலாபத்துக்கு விரைய வேண்டியதில்லாமையே அவற்றின் நிதானத்துக்கு ஒரு காரணம். ஆயினும் முற்போக்கு வாசகர் இதனை மிகைப்படுத்துதல் கூடாது. ஷங்ஹாய் அசைவூட்டக் கலைக்கூடத்தில் வன் லாய்மிங் 1961 இலும் 1964 இலும் இரு பகுதிகளாக முடித்த 'வானுலகிற் கலகம்', விண்ணரசனுக்கு எதிராக எழும் குரங்கரசனின் கதை. சீன ஓவிய மரபையும் நாடக மரபையும் இணைத்த அவ்வரிய ஆக்கம், கலாசாரப் புரட்சிக் காலத்தில் ஒதுக்கிவைக்கப்பட்டது, கலைக்கூடமும் முடங்கியது. சந்தை ஒருவகையில் வாயடைக்கும். அதிகாரம் இன்னொருவகையில் வாயடைக்கும். பிள்ளைகளுக்கான கலகக் கதை இரண்டுக்குமே உவப்பானதன்று.

6

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின், அசைவூட்டச் சிறுவர் கதைகளின் வேறுபாடு நாட்டின் பெயரால் அன்றி, உழைப்பையும் பிள்ளையையும் மொழியையும் அவை நடத்தும் முறையால் அளக்கப்பட வேண்டும் என்பதேயாகும். அவ்வளவுகோலின்படி, செக் நாட்டு அகழெலி தலவாக்கலைக்கு மிக அண்மையிலும், ஐதராபாத்துப் பீமன் தொலைவிலும் நிற்றல் கூடும். அந்நியம், சொந்தம் என்ற எளிய எதிர்மறை இங்கு பயன்படாது.

மலையகத்துக்கென ஒரு சித்திரமரபு தோன்றுவதற்குப் பெருமூலதனம் வேண்டும் என்பது அடிக்கடி கூறப்படும் தடை. ஜெர்மனியில் லொட்டே ரைனிகர் 1926 இல் வெளியிட்ட 'இளவரசர் அக்மத்' படம், கத்தரித்த கரிய தாள் உருவங்களை ஒளிவிளக்கின்மேல் வைத்து, சிலர் மாத்திரம் கூடிச் சில ஆண்டுகள் உழைத்து ஆக்கியது. நிழற்பாவையை அறிந்த தமிழருக்கு இம்முறை அயலானதன்று. இன்று ஒரு கைப்பேசியும் ஒரு வகுப்பறையும் போதுமானவை. பொருளுக்கும் பஞ்சமில்லை. மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984), தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்தார். காமன் கூத்தும் தாலாட்டும் தெம்மாங்கும் இன்னும் முற்றாக மறையவில்லை.

இம்மரபை அப்படியே சித்திரமாக்கிவிடுதல் போதாது என்பதையும் கூறுதல் வேண்டும். அதனுள்ளும் சாதிப் படிநிலையும் பெண்ணடிமையும் உள. பழையதைப் போற்றுவதனால் மாத்திரம் பிள்ளைக்கு நீதி கிடைத்துவிடாது. வேண்டப்படுவது தேர்ந்து எடுத்தலும் திருப்பிச் சொல்லுதலுமாகும். மிலர் தம் அகழெலிக்கு ஏற்கெனவே இருந்த நாட்டார் கதையைத் தேடவில்லை. தம் மக்களின் தொழிலையே கதையாக்கினார்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் சிறுவர் இலக்கியத்தைப் பக்கப்பொருளாகக் கருதும் நிலை மாறுதல் வேண்டும். நாவலுக்கும் கவிதைக்கும் நாம் தரும் ஆய்வுக் கவனத்தில் ஒரு பங்கேனும் மலையகப் பிள்ளை நாள்தோறும் காணும் ஒளித்திரைக்குத் தரப்படல் வேண்டும். பட்டதாரி ஆசிரியராகத் தோட்டப் பாடசாலைகளுக்குச் செல்லும் மாணாக்கர் அதனைத் தடைசெய்வோராகச் செல்லாமல், பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்து, இத்தேநீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் ஒருவராகச் செல்லுதல் வேண்டும். அவ்வினாவுக்கு உலகில் எவரிலும் சிறந்த விடை தரக்கூடியவர் அவர்முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே. அவர்கள் தரும் விடையை வரைவிப்பதிலிருந்து நம் பணி தொடங்கலாம்.